இரண்டாவது வாக்கியம்

ஒரு காரியத்துக்காகக் கூடியிருப்பவர்களிடையே ஒருவன் தன் மனவேதனையைப் பேசத் தொடங்கினால், 'அது இங்கே வேண்டாம்' என்று சொல்வது சரியா? கேள்வி சின்னதாகத் தெரிகிறது. சீட்டாட்டக் கிளப்பிலோ பஜனை மடத்திலோ இதற்கு யாரும் தத்துவம் தேடுவதில்லை. பக்கத்தில் இருப்பவன் தன் சுபாவப்படி எதையாவது சொல்வான், அல்லது எழுந்து போவான். ஆனால் கவிதை, கல்வெட்டு, சினிமா என்று ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டு கூடுகிற சிறிய வட்டங்களில், கூட்டத்தின் ஒழுங்குக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் இடையே நிஜமான ஒரு பிணக்கு உண்டாகிறது. இந்தப் பிணக்கைப் பற்றி நாம் எழுதியதைவிட எழுதாமல் விட்டதே அதிகம்.

முதலில் ஒழுங்கின் பக்கம் நின்று பேசுகிறேன். ஏனென்றால் இரக்கத்தின் பக்கம் நின்று பேசுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும்.

ஒரு வட்டம் வட்டமாக இருப்பது, அது எதைப் பேசாது என்று தீர்மானித்துக்கொள்வதால்தான். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து'வைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். அதில் எதற்கு இடமில்லை என்பதில் அவருக்கிருந்த பிடிவாதம் இல்லாதிருந்தால், புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் தமிழில் அப்படியொரு களம் அமைந்திருக்காது. எல்லாவற்றுக்கும் இடம் தருகிற இடத்தில் எதுவும் ஊன்றிப் பேசப்படுவதில்லை. மனவேதனைப் பேச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வந்துவிட்டால் மற்றப் பேச்சை நிறுத்திவிடும். சாவைப் பற்றி ஒருவன் பேசியபின் யாப்பைப் பற்றிப் பேசுவது அநாகரிகமாகப் படும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அதே சுமையைச் சொல்லாமல் சுமந்துகொண்டிருப்பவன் ஒருவன் இருக்கலாம். அவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வேதனைப்பட்டவன் வீட்டுக்குப் போகும்போது, தன் அந்தரங்கத்தைப் பத்துப் பேர் கையில் கொடுத்துவிட்டோமே என்ற கூச்சத்தையும் சேர்த்துக்கொண்டு போவான். ஆக, ஒழுங்கு என்பது வெறும் விறைப்பு அல்ல. அதற்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பேச்சுக்குப் போட்ட எல்லை ஆளுக்குப் போட்ட எல்லையாக மாறுகிற இடத்தில். இலக்கிய வட்டங்களில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்; ஏனென்றால் நம்மிடம் அதற்கு ஒரு கோட்பாடே இருக்கிறது. கவிதையில் பேசுகிறவன் கவிஞன் அல்ல என்ற கோட்பாடு. டி.எஸ். எலியட் 1919-இல் கவிதை என்பது ஆளுமையின் வெளிப்பாடு அல்ல, ஆளுமையிலிருந்து தப்பித்தல் என்ற கருத்தை வைத்தார். 1946-இல் விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும், ஆசிரியனின் உத்தேசத்தைக் கொண்டு கவிதையை அளப்பது பிழை என்று வாதித்தார்கள். இவை வாசிப்புக்கு நல்ல விதிகள். இவற்றைக் கைக்கொண்டதால்தான் கவிஞனின் ஜாதகத்தைப் படிப்பதை விட்டு வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். ஆனால் விதி பிரதிக்கானது. கவிதையை வாசித்து முடித்துவிட்டு, தாளை மடித்து, டீ குடிக்கும்போது அவன் 'தூக்கமே வருவதில்லை' என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது பிரதி அல்ல. அதை ஒரு குரலாக, ஒரு தொனியாகக் கேட்கிற பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இதற்கு நேர்மையான ஒரு சாட்சியம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஏ. அல்வாரெஸ் 'அப்சர்வர்' பத்திரிகையின் கவிதைப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தவர். சில்வியா பிளாத் தன் கடைசி மாதங்களில் புதிய கவிதைகளை அவரிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். 1962 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையும் அப்படி ஒரு சந்திப்பு. ஒரு கவிதையில் வந்த ஒரு படிமம் மிகையாக இருக்கிறது என்று அல்வாரெஸ் விவாதித்தார், பிளாத் மறுத்தார். 1963 பிப்ரவரியில் பிளாத் இறந்தார். 1971-இல் வந்த தன் புத்தகத்தின் முன்பகுதியில் அல்வாரெஸ் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்: எதிரே இருந்தவரின் நிலை தனக்கு எட்டாமல் இல்லை, விமர்சனம் பேசி அவர் மனத்தைத் திருப்பிவிடலாம் என்று பார்த்ததாக. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. அவர் படிமத்தைப் பற்றிப் பேசியது தவறல்ல. ஒரு கவிஞருக்குத் தன் படிமத்தைப் பற்றி ஒருவர் கறாராகப் பேசுவது மரியாதை. அன்று மாலை வேறொரு பேச்சுக்கும் இடம் இருந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

தமிழில் இந்த இடத்தில் நமக்கு உடனே ஞாபகம் வருவது ஆத்மாநாம். மதுசூதன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1951-இல் பிறந்தார். 1978-இல் 'ழ' பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். 1981-இல் 'காகிதத்தில் ஒரு கோடு' வெளிவந்தது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தார். 1984 ஜூலை 6-ஆம் தேதி, 33 வயதில், பெங்களூரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கவிதைகளை 1989-இல் பிரம்மராஜன் தொகுத்தார். அவருடைய நண்பர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர்களை தூரத்தில் இருந்து விசாரிப்பது ஆபாசம். நான் பேச விரும்புவது அவருக்குப் பிறகு அவரை வாசித்த நம்மைப் பற்றி.

நாம் என்ன செய்தோம்? உயிரோடு இருக்கும் கவிஞனின் கவிதையில் ஆளைத் தேடக்கூடாது என்று சொல்கிற நாம், அவன் இறந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு வரியிலும் நோயைத் தேட ஆரம்பிக்கிறோம். கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தால் அது பிளவுண்ட மனம். தெருவைப் பற்றி எழுதியிருந்தால் அந்நியமாதல். ஆத்மாநாம் அரசியல் எழுதினார், ஹாஸ்யம் எழுதினார், பிச்சைக்காரனையும் ரோஜாப் பதியனையும் எழுதினார், மொழிபெயர்த்தார், பத்திரிகை நடத்தினார். அதையெல்லாம் அந்த ஒரு தேதி விழுங்கிவிடுகிறது. முன்னது ஆளைப் பார்க்க மறுப்பது. பின்னது ஆக்கத்தைப் பார்க்க மறுப்பது. இரண்டும் ஒரே சோம்பலின் இரு பக்கங்கள் என்று எனக்குப் படுகிறது. ஆள் வேறு, ஆக்கம் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை ஏற்க நமக்குச் சிரமமாக இருக்கிறது.

கோட்பாட்டை விட்டு நடப்புக்கு வருகிறேன். நான் இருப்பது அன்னவாசலில். சுற்றிலும் பழைய கல் நிறைந்த ஊர். சித்தன்னவாசல் நடந்துபோகிற தூரம். குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் எல்லாம் பஸ்ஸில் போய்வருகிற தூரம். பொட்டலில் கல்வட்டங்கள் கிடக்கும். இவற்றைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறவர்கள் எட்டுப் பத்துப் பேர். யாரும் ஆராய்ச்சியாளர் இல்லை, ரசனைதான். ஒரு முறை ஒரு கல்வட்டத்தருகே நின்று அதன் காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களில் எழுத்து நன்றாக வாசிக்கிற ஒருவர், கடையில் கணக்கு எழுதுபவர், சொன்னார்: "மூணு வாரமாத் தூக்கமில்ல. இப்பிடி ஒரு கல்லுக்கு அடியில போய்ப் படுத்துட்டாத் தேவலைன்னு இருக்கு."

நாலு விதமான பதில்கள் வந்தன. வயதில் மூத்தவர், "அதெல்லாம் இங்க வேணாம் தம்பி, வந்த வேலையப் பாப்போம்" என்றார். இன்னொருவர் குணசீலத்தில் போய் ஒரு மண்டலம் இருந்துவிட்டு வரச் சொன்னார். மனம் பேதலித்தவர்களைப் பெருமாள் சந்நிதியில் 48 நாள் தங்கவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மூன்றாமவர் கவிதை எழுதுகிறவர். "என்னமா சொல்லிட்டீங்க, இதுவே ஒரு கவிதை" என்றார். நாலாமவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டு, அவரோடு மெதுவாக நடந்தார். நான் அவர்களுக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வாத்தியார் சுற்றி வளைக்கவில்லை. "செத்துப்போயிரணும்னு தோணுதாய்யா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றார் அவர். அன்று இரவு வாத்தியார் அவரைத் தனியே விடவில்லை. அவரிடம் சொல்லிவிட்டே அவருடைய அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் மூவருமாகப் புதுக்கோட்டை போய் மருத்துவரைப் பார்த்தார்கள்.

நாலு பதில்களிலும் எனக்கு அதிகம் உறுத்தியது மூன்றாவது. முதலாமவர் பேச்சை நிறுத்தினார்; இரண்டாமவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார். மூன்றாமவர் அந்த வாக்கியத்தை ஆளிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டார். அது நம் பழக்கம். நல்ல வரியைக் கேட்டதும் அதைச் சொன்னவனை மறந்துவிடுகிற பழக்கம்.

ஆனால் இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது வேதனைப்பட்டவரேதான். மாதங்கள் கழித்து, மருந்தின் துணையில் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, மறுபடி வரத் தொடங்கினார். எல்லோரும் அவரை ஜாக்கிரதையாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரியில நான் நோயாளி. வீட்டுல எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. இங்க ஒண்ணுலதான் எழுத்து தெரிஞ்சவன்னு இருக்கேன். இதையும் ஆஸ்பத்திரி ஆக்கிராதீங்க."

இதைக் கேட்டபின் மூத்தவரின் பதிலைச் சாதாரணமாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. 'வந்த வேலையப் பாப்போம்' என்பதில் ஒரு உண்மை இருந்தது. அந்த வேலைதான் அந்த மனிதரை மாதத்தில் ஒரு நாளாவது நோயாளியாக இல்லாமல் வைத்திருந்தது. அது கலைந்து ஒரு ஆறுதல் சபையாக ஆகியிருந்தால் அவர் அதையும் இழந்திருப்பார். மூத்தவரின் வாக்கியத்தில் பிழை இல்லை. அதற்கு அடுத்த வாக்கியம் இல்லை. 'வந்த வேலையைப் பார்ப்போம். முடிந்ததும் நீ என்னோடு வா' என்று அவர் சொல்லியிருந்தால் அதுவே போதும். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லத் தயாராக இல்லாதவனுக்கு முதல் வாக்கியத்தைச் சொல்ல உரிமை இல்லை. என் கட்சி இவ்வளவுதான்.

சித்தன்னவாசலைப் பார்க்க வருகிற எழுத்தாள நண்பர்கள் ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகளின் அருகே நின்று மரணத்தைப் பற்றி உயர்வாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தேர்ந்துகொண்ட சாவு, நிர்ச்சலனம் என்றெல்லாம். வேதனையில் இருப்பவனின் காதில் இந்தப் பேச்சு விழக்கூடும் என்பதால் மட்டும் அல்ல, வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதாலும் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அங்கே பதினேழு படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை ஒட்டியுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டை ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். அது சாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எருமி நாட்டில், குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபாவில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பதுதான் செய்தி. எருமி நாட்டை மைசூர்ப் பக்கம் என்று அடையாளம் காண்கிறார்கள். தூரத்திலிருந்து வந்தவனுக்கு உள்ளூர்க்காரன் ஒரு இடம் செய்து கொடுத்த குறிப்பு.

சமணத்தில் உண்ணா நோன்பு இருந்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து முடிந்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு உண்டு. ஆனால் அந்த மரபே விதித்த நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் இந்த நோன்புக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, சாக வேண்டும் என்று ஆசைப்படுவது. துக்கத்தாலோ வெறுப்பாலோ இதை மேற்கொள்ள முடியாது. குருவின் சம்மதம் வேண்டும். பணிவிடை செய்யவும், பேசவும், தளரும் மனத்தைத் தாங்கவும் மற்றத் துறவிகள் உடனிருக்க வேண்டும். சாவுக்கு ஒரு சடங்கே வைத்திருந்த மரபுகூட, வேதனைப்பட்டவனைத் தனியே விட்டுவிட்டு அதை ஞானம் என்று அழைக்கவில்லை. நாம் அழைக்கிறோம்.

சரி, நம்மால் என்ன முடியும், என்ன முடியாது? நாம் வைத்தியர்கள் அல்ல. ஒரு வட்டம் வைத்தியம் பார்க்க முயல்வது, அதைத் தட்டிக்கழிப்பதைப் போலவே ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்களில் அக்கறையோடு விட்டவர்களும் இருந்திருப்பார்கள். அக்கறை மட்டும் போதாது. சென்னையில் 1986-இல் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். அங்கே பேச்சைக் கேட்கிற தொண்டர்கள் மருத்துவர்கள் அல்ல. ஆனால் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள். யோசனை சொல்லாமல் கேட்பது ஒரு பயிற்சி என்பதே இலக்கிய வட்டத்துக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

நேரடியாகக் கேட்பதற்குப் பலர் பயப்படுகிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்கிறார்கள். அப்படி விதைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வாத்தியார் எந்த ஆய்வையும் படிக்கவில்லை. மரியாதையாகவும் நேராகவும் கேட்டார். கேட்டபின் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யவில்லை. யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை அவரிடமே சொன்னார். கூட்டத்தில் கேட்கவில்லை, தனியே கேட்டார். தன்னால் ஆகாததைத் தானே செய்யாமல் வைத்தியரிடம் கொண்டுபோனார். 2022-இலிருந்து மத்திய அரசின் டெலி-மானஸ் தொலைபேசி 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. போலீஸுக்குப் பயந்து மறைத்த காலத்துப் பேச்சுக்கு இப்போது காரணம் இல்லை.

இதை வாசிப்பவர்களில் பத்திரிகை நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு உருவத்தில் தபாலில் வருகிறது. பத்துக் கவிதைகள், கூடவே ஒரு கடிதம். கவிதைகள் சுமார். கடிதம் பயமாக இருக்கிறது. கவிதையைப் போட்டால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றும். போடக்கூடாது என்பது என் எண்ணம். இரக்கத்தால் அச்சேறிய கவிதை, அதை எழுதியவனைக் கவிஞனாக அல்லாமல் நோயாளியாகப் பார்க்கிறது. அவனுக்கும் அது ஒரு நாள் தெரியவரும். வெறும் நிராகரிப்புச் சீட்டை அனுப்புவதும் கூடாது. இரண்டு கடிதம் எழுத வேண்டும். ஒன்றில் கவிதைகளைப் பற்றி, எவருக்கும் எழுதுவதுபோல. இன்னொன்றில் அவனைப் பற்றி. எண்ணைக் கொடுத்திருந்தால் இரண்டாவதைக் கடிதமாக எழுதாமல் அன்றே கூப்பிட்டுப் பேசலாம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும்.

கோபி கிருஷ்ணனை இங்கே சொல்லாமல் முடிக்க முடியாது. 2003-இல் மறைந்த அவர் உளவியல் படித்தவர். மனநலத் துறையில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். தாமும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நாவலில் நோயாளிகள் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கவிதையாக்கவும் இல்லை, வெறும் கேஸ் குறிப்பாகவும் விடவில்லை. பேசுகிற ஆள் அங்கே முழுசாக இருக்கிறான், அவனுடைய அபத்தமும் சிரிப்பும் சேர்ந்து. நம் மொழியில் அப்படிக் கேட்டு எழுதிய ஒருவர் இருந்தும், அவரை நடையின் விசித்திரத்துக்காக மட்டும் பாராட்டுகிறவர்களைப் பார்த்தால், கேட்பது என்ற காரியத்தை அவரிடமிருந்து நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் வட்டங்கள் சின்னவை. எட்டுப் பேர், பத்துப் பேர். யார் இரண்டு கூட்டமாக வரவில்லை, யார் கையெழுத்து மாறியிருக்கிறது, யார் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறான் என்பது நமக்குத் தெரியாமல் போக நியாயம் இல்லை. கூட்டத்தில் கவிதையைப் பேசுவோம், கறாராகவே பேசுவோம். கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை யாராவது ஒருவர் கூட நடக்க வேண்டும்.